பெரோவ்ஸ்கைட் சோலார் செல் கிட்: தர்மபுரி வெயிலுக்கு ஒத்துவருமா?

பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசி சோலார் செல் செய்ய, கல்லூரி ஆய்வகங்களுக்கென்று ஒரே பெட்டியில் அடைத்து விற்கப்படும் கிட்டைப் பற்றிய மதிப்புரை இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தூள்கள் தரமானவை, கண்ணாடி தரமானது, ஸ்பின் கோட்டர் (கண்ணாடியைச் சுழற்றிப் படலம் பூசும் கருவி) கொடுத்த காசுக்குப் போதும். ஆனால் கூடவே வரும் செய்முறைத் தாளை, ஏ.சி. அறையில் ஈரமில்லாக் காற்றில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். அதை வரிக்கு வரி அப்படியே செய்தால் ஏப்ரல், மே மாதத்துத் தர்மபுரியில் பெரும்பாலான கண்ணாடிகள் குப்பைக்குத்தான் போகும். இரண்டு பொருளை மாற்றி, மூன்று பொருளைக் கூடுதலாக வாங்கிக்கொண்டால் பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடைப்பது கடினம்.

பெட்டியில் முக்கியமாக இருப்பவை: 25க்கு 25 மி.மீ. அளவில், ஏற்கெனவே கோடு அரித்துத் தரப்பட்ட எஃப்.டி.ஓ. கண்ணாடிகள் (மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சுள்ளவை), கீழ் அடுக்குக்கான டின் ஆக்சைடு கூழ்மம், ஈய அயோடைடு, மெத்தில் அம்மோனியம் அயோடைடு ஆகிய இரண்டு தூள்கள், டி.எம்.எஃப்., டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான்கள், ஆன்டிசால்வென்டாக (படலத்திலிருந்து கரைப்பானை இழுத்தெடுக்கும் திரவமாக) டை எத்தில் ஈதர், கார்பன் பேஸ்ட், வடிகட்டிகள், நிமிடத்துக்கு 6000 சுற்று வரை போகும் சின்ன ஸ்பின் கோட்டர். மேல் மின்முனைக்குத் தங்கம் பூசும் வெற்றிட இயந்திரம் தேவையில்லை, கார்பன் பேஸ்ட்டை இழுத்துப் பூசினால் போதும். இது நல்ல முடிவு. வெற்றிட இயந்திரம் இல்லாத கல்லூரிகளும் இதனால்தான் இந்த வேலையைத் தொட முடிகிறது.

பெட்டியைப் பார்த்ததும் பலருக்கும் எழும் கேள்வி, எத்தனை சதவீதத் திறன் வரும், அதாவது விழும் ஒளியில் எவ்வளவு மின்சாரமாகும் என்பது. அதற்குத் தூள் மட்டும் பதில் சொல்லாது. 2009இல் ஜப்பானில் சுடோமு மியாசகா குழு இந்தப் பொருளை முதன்முதலில் சோலார் செல்லில் வைத்தபோது கிடைத்தது 3.8 சதவீதம். 2012இல் தென்கொரியாவின் நாம் கியூ பார்க் குழுவும் சுவிட்சர்லாந்தின் மைக்கேல் கிரேட்செல் குழுவும் சேர்ந்து திரவ மின்பகுளியைத் தூக்கிவிட்டுத் திண்மமாகச் செய்து 9.7 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள். 2013இல் இரண்டு படியாகப் பூசும் முறையில் 15. 2014இல் சாங் இல் சியோக் குழு, கண்ணாடி சுழன்றுகொண்டிருக்கும்போதே டொலுயீனைச் சொட்டிப் படலத்தை வழவழப்பாக்கி 16.2. அடுத்த ஆண்டு பார்க் குழு டி.எம்.எஸ்.ஓ. அளவை மூலக்கூறுக்கு மூலக்கூறு கணக்காகச் சேர்த்து 19.7. இன்று சிறிய ஆய்வக செல்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. கலவையும் இடைப்பட்ட அடுக்குகளும் மாறின, உண்மைதான். ஆனால் 2013 முதல் 2015 வரை ஏறிய படிகளில் பெரும்பகுதி கரைசலைக் கையாண்ட விதத்தில் வந்தது. அதனால் இந்த கிட்டை எடை போடும்போதும் கரைசல் எப்படித் தயாராகிறது, எப்படிப் படலமாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மை, அதாவது கண்ணாடியில் பூசும் கரைசல். ஒரு தொகுதிக்கு 461 மி.கி. ஈய அயோடைடு, 159 மி.கி. மெத்தில் அம்மோனியம் அயோடைடு, 78 மி.கி. டி.எம்.எஸ்.ஓ., 600 மி.கி. டி.எம்.எஃப். இது பார்க் குழுவின் பிரபலமான விகிதம், கிட்டின் தாளும் இதையே தருகிறது. முதல் மூன்றும் மோல் (மூலக்கூறு எண்ணிக்கை) கணக்கில் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று. பிப்பெட்டில் எடுப்பதாக இருந்தால் டி.எம்.எஸ்.ஓ. 71 மைக்ரோலிட்டர், டி.எம்.எஃப். சுமார் 635 மைக்ரோலிட்டர். மொத்தம் 0.85 மி.லி. அளவுக்கு மை கிடைக்கும். வடிகட்டியில் தங்குவது போக, கண்ணாடிக்கு 80 மைக்ரோலிட்டர் வீதம் எட்டு, ஒன்பது கண்ணாடிக்கு வரும்.

இங்கே தராசுதான் முதல் வில்லங்கம். 10 மி.கி. படியாக மட்டும் காட்டும் தராசில் 159 மி.கி.யை நிறுத்தால் 6 சதவீதம் தவறு வரலாம். அந்தத் தவறே ஒரு நல்ல செல்லைக் கெட்ட செல்லாக மாற்றிவிடும். 0.1 மி.கி. தராசு இல்லையென்றால் மொத்தமாக மூன்று, நான்கு மடங்கு நிறுத்துக் கரைப்பது மேல். மெத்தில் அம்மோனியம் அயோடைடு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் உப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை நினைத்துக்கொள்ளுங்கள். குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக நிறுத்தால், தராசு காட்டும் எடையில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும். ஆகவே அதை முதலில், வேகமாக நிறுத்து மூடிவிட்டு, அந்த எடைக்கு ஏற்றபடி ஈய அயோடைடைக் கணக்கிட்டு நிறுங்கள். தாள் இதைத் தலைகீழாகச் சொல்கிறது. தவறு நேர்ந்தே தீரும் என்றால் ஈய அயோடைடு பக்கம் இரண்டு, மூன்று சதவீதம் கூடுதலாகப் போவது பரவாயில்லை. படிகங்களுக்கு இடையே தங்கும் சிறிதளவு ஈய அயோடைடு குறைகளை மூடவும் செய்யும். மெத்தில் அம்மோனியம் மிகுந்தால் அந்தச் சலுகை கிடையாது.

கரைந்த பிறகு கிடைக்கும் மஞ்சள் திரவம் சர்க்கரைத் தண்ணீர் போன்ற முழுக் கரைசல் அல்ல. ஈயமும் அயோடினும் கரைப்பான் மூலக்கூறுகளும் கைகோத்த கூட்டங்கள் அதில் மிதக்கின்றன. கூழ்மம் என்றே சொல்லலாம். அந்தக் கூட்டங்களின் அளவும் அமைப்பும்தான் பின்னால் வரும் படிகங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. இதனால் அரைகுறையாகக் கரைந்த மையும், நாலு நாள் வைத்த மையும், இன்று காலை கலந்த மையும் ஒரே தூளிலிருந்து மூன்று வகைப் படலம் தரும். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் காந்தக் கிளறியில் ஓடவிட்டு, துகள் ஒன்றும் தெரியாமல் தெளிந்த பிறகு 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அன்றைக்கே முடித்துவிடுங்கள். வைத்திருந்த மை கருமஞ்சளாகப் போனால் அயோடைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து அயோடின் பிரிகிறது என்று பொருள். அதைப் பூச வேண்டாம்.

வடிகட்டி விஷயத்தில் கிட்டைப் பாராட்ட வேண்டும். பி.டி.எஃப்.இ. சவ்வு வைத்ததையே கொடுத்திருக்கிறார்கள். தீர்ந்துபோனால் வேறு வாங்கும்போது பி.வி.டி.எஃப். என்று எழுதியதை வாங்கிவிடாதீர்கள். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பின்னது டி.எம்.எஃப்.இல் கரைந்து மைக்குள்ளேயே இறங்கிவிடும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறையும். டிசம்பர் காலையில் அலமாரியைத் திறந்தால் பாட்டில், தேங்காய் எண்ணெய் போலக் கட்டியாக உட்கார்ந்திருக்கும். பாதி உருகிய நிலையில் மேலே நிற்கும் திரவத்தை மட்டும் உறிஞ்சக் கூடாது. உறையும்போது தூய டி.எம்.எஸ்.ஓ. கட்டியாகி, ஈரம் திரவப் பகுதியில் சேர்ந்துகொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தி முழுவதும் உருகவிட்டு, குலுக்கிய பிறகே எடுங்கள்.

இனி நடுநாயகமான கட்டம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சுபவர்களிடம் கேட்டால், எல்லாம் பதத்தில் இருக்கிறது என்பார்கள். பாகு ஒரு நொடி முந்தினால் இளகும், பிந்தினால் கருகும். பெரோவ்ஸ்கைட் படலமும் அதே கதைதான். கண்ணாடி 4000 சுற்றில் சுழலும்போது டி.எம்.எஃப். வெளியேறி, கரைசல் வரவர அடர்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் கரைந்திருக்க முடியாத அளவுக்கு மிகுந்துவிடும். அப்படியே விட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படிகக் கருக்கள் தோன்றி, ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவில் வெறும் கண்ணாடி தெரியும். அந்த வெற்றிடம் வழியாகக் கார்பன் நேராகக் கீழ் அடுக்கைத் தொட்டால் செல் ஷார்ட். சரியான நொடியில் ஆன்டிசால்வென்ட் விழுந்தால், மிச்சமிருக்கும் டி.எம்.எஃப்.ஐ அது கழுவி இழுத்துக்கொண்டு போகிறது, கோடிக்கணக்கான கருக்கள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன, படலம் இடைவெளி இல்லாமல் நிரம்புகிறது. டி.எம்.எஸ்.ஓ.வின் வேலை, ஈய அயோடைடைப் பிடித்து வைத்து, படிகமாவதைச் சூடேற்றும் வரை தள்ளிப்போடுவது. அது இல்லாமல் டி.எம்.எஃப்.இல் மட்டும் செய்தால் பதம் நிற்கும் நேரம் மிகக் குறுகிவிடும்.

சரியாக வந்த படலத்தை நேரில் பார்த்தால் சந்தேகமே வராது. சொட்டிய மறுகணம் கண்ணாடி மங்காமல், லேசான பழுப்பு கலந்த தெளிவோடு, மேலே இருக்கும் ட்யூப் லைட்டைக் கோணாமல் பிரதிபலிக்கும். ஹாட் பிளேட்டில் வைத்ததும் நடுவிலிருந்தோ ஓரத்திலிருந்தோ கருமை பரவி, சில நொடிகளில் கருப்புக் கண்ணாடியாகிவிடும். சூடேற்றும் முன்பே பால் போல வெளுத்திருந்தால் சொட்டுப் பிந்தியிருக்கிறது, அல்லது அறையில் ஈரம் அதிகம். சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகக் கறுத்தால் அதுவும் பிந்தியதன் அடையாளம். நடுவில் காசு அளவுக்கு வட்டம் விழுந்தால் பிப்பெட்டை மிக நெருக்கமாகப் பிடித்து வேகமாக அழுத்தியிருக்கிறீர்கள். வால் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து வெளிப்பக்கம் கோடு ஓடினால் அந்தப் புள்ளியில் தூசியோ கரையாத துகளோ இருக்கிறது.

ஆன்டிசால்வென்டாக இந்த கிட் ஈதரைக் கொடுத்திருப்பதுதான் பெரிய குறை. டை எத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. ஏப்ரல் பிற்பகலில் தர்மபுரி நகரத்து அறைகள் அதைத் தாண்டிப் போகும். அப்போது பிப்பெட் முனைக்குள் ஏறிய ஈதர், கட்டை விரலை அசைக்காமலேயே ஆவி தள்ள, தானாகச் சொட்டத் தொடங்கும். எட்டாவது நொடிக்கு வைத்திருந்தது மூன்றாவது நொடியில் கண்ணாடியில் விழும். ஒரு துளி முன்னால் விழுந்தாலே அந்த இடத்தில் புள்ளி குத்திவிடும். முனையை ஈதரில் மூன்று முறை உறிஞ்சி விட்டு நனைத்தால் சற்றுக் குறையும், தீராது. மழைக்காலத்தில் வேறு தொல்லை. ஈதர் வேகமாக ஆவியாகும்போது படலத்தின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த படலத்தின் மேல் காற்றின் ஈரம் பனியாகப் படியும், படலம் வெளுக்கும். ஐப்பசியில் இதைத் தவிர்க்கவே முடியாது. இதற்கெல்லாம் மேலாக ஈதர் ஆவி எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது, மேசை மேல் தவழ்ந்து ஹாட் பிளேட் வரை போகும். திறந்த மேசையில் வேலை செய்யும் மாணவர் ஆய்வகத்துக்கு இதை அனுப்புவதே சரியில்லை.

மாற்று, எத்தில் அசிடேட். கொதிநிலை 77 டிகிரி, நகப் பாலிஷ் வாசனை, எந்த ரசாயனக் கடையிலும் கிடைக்கும். இதைக் கொண்டு 75 சதவீத ஈரப்பதத்திலும் செல் செய்து காட்டிய ஆய்வு வெளியாகியிருக்கிறது. படலத்தின் மேலுள்ள ஈரத்தை இதுவே வாங்கிக்கொள்வது ஒரு காரணம். ஆனால் பாட்டிலிலேயே ஈரம் குடித்திருந்தால் அந்த நன்மை போய்விடும். ஈரத்தை உறிஞ்சும் மாலிகுலர் சீவ் குண்டுகளைப் போட்டு ஒரு நாள் வைத்த எத்தில் அசிடேட்டையே எடுங்கள். இதுவும் தீப்பற்றும் திரவம்தான், ஹாட் பிளேட்டை ஒரு கை தூரம் தள்ளி வையுங்கள். 25 மி.மீ. கண்ணாடிக்கு 200 முதல் 300 மைக்ரோலிட்டர், கண்ணாடிக்கு இரண்டு செ.மீ. உயரத்திலிருந்து, ஒரே சீரான ஓட்டமாக, ஒரு நொடிக்குள். குளோரோ பென்சீனும் நன்றாக வேலை செய்யும். கொதிநிலை 131 டிகிரி என்பதால் வெயிலுக்கு அசையாது. ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

தாளில் பத்தாவது நொடியில் சொட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது ஈதருக்கும், அவர்கள் அறையின் வெப்பத்துக்கும் பொருந்திய எண். 36 டிகிரி அறையில் டி.எம்.எஃப். சீக்கிரம் போகும், பதமும் முந்திவரும். ஓசூரின் மார்கழிக் காலையில் பிந்தும். சரியான எண்ணைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த எஃப்.டி.ஓ. கண்ணாடி வேண்டாம், மைக்ரோஸ்கோப் ஸ்லைடை வெட்டிக்கொள்ளலாம். ஒரு துண்டில் எதுவும் சொட்டாமல் சுழலவிட்டு, மேற்பரப்பு மங்கும் நொடியைக் கைபேசியில் வீடியோ எடுத்துக் குறியுங்கள். அதற்குக் கணிசமாக முன்னால், உதாரணமாக 6, 8, 10 என்று மூன்று நொடிகளில் மூன்று துண்டுகளில் சொட்டிப் பாருங்கள். எது ட்யூப் லைட்டைத் தெளிவாகக் காட்டுகிறதோ அதுதான் அன்றைய எண். அன்றைய எண் என்றே சொல்கிறோம். காலையில் எடுத்த எண் மதியத்துக்குப் பொருந்தாது. இந்தச் சோதனைக்கு நான்கு துண்டு மை செலவாகும், தயங்க வேண்டாம்.

மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். மே மாதத்தில் கஷ்டம்தான். ஆனால் ஃபேன் காற்று படலத்தின் ஒரு பக்கத்தை முந்தி உலர்த்தும், தூசியையும் கொண்டுவந்து போடும். ஈரமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள், கிட்டில் இல்லை. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் திறந்த மேசையிலேயே பூசலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாசி, பங்குனிப் பிற்பகல்கள் அதற்கு ஏற்றவை, காலை நேரத்தைவிட இரண்டு மணிக்கு மேல் காற்று உலர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அக்ரிலிக் பெட்டிக்குள் சிலிகா ஜெல் தட்டு வைத்து, அதற்குள் ஸ்பின் கோட்டரை நிறுத்த வேண்டும். ஈரம் மிகுந்தால் தண்ணீர் மூலக்கூறு படிகத்துக்குள் புகுந்து வெளிர்நிற நீரேறிய சேர்மம் உண்டாகும், பிறகு மெத்தில் அம்மோனியம் பிரிந்து ஈய அயோடைடின் மஞ்சள் மட்டும் மிஞ்சும்.

ஸ்பின் கோட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெற்றிடப் பிடி இல்லை, இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுகிறோம். டேப் நடுவில் குமிழ் விட்டால் கண்ணாடி சாய்ந்து சுழலும். டிஸ்ப்ளே காட்டும் வேகத்தை டேக்கோமீட்டரில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது, மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் ஸ்டெபிலைசர் போடுங்கள்.

கண்ணாடியைக் கழுவுவதிலும் டின் ஆக்சைடிலும் இந்த ஊர்த் தண்ணீருக்குத் தனி இடம் உண்டு. சோப்புக் கரைசல், நீர், அசிட்டோன், ஐசோ புரப்பனால் என்று ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் அல்ட்ராசானிக் குளியல், கடைசியில் இருந்தால் யு.வி. ஓசோன் 15 நிமிடம். இதில் எந்த இடத்திலும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர் கடினமானது. உலர்ந்தால் வெள்ளைக் கறை விடும், அந்தக் கறை மேல் படலம் ஒட்டாது. டின் ஆக்சைடு கூழ்மத்தில் இன்னும் கவனம் தேவை. 15 சதவீதக் கூழ்மத்தை 2.67 சதவீதமாக்க, ஒரு கிராமுக்கு 4.6 கிராம் அயனி நீக்கிய நீர். அதற்குப் பதில் கேன் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் துகள்களைத் திரளவைக்கும், மோர் திரிந்த மாதிரி. 3000 சுற்றில் 30 நொடி, 150 டிகிரியில் 30 நிமிடம். இது ஒழுங்காக வந்தால் அடுத்த அடுக்கில் மை தானாகப் பரவும். வராவிட்டால் ஓரங்களில் சுருங்கி ஓடும்.

படலம் பூசிய பிறகு 65 டிகிரியில் ஒரு நிமிடம், 100 டிகிரியில் அதிகபட்சம் 10 நிமிடம். ஹாட் பிளேட்டின் எண்ணை நம்பாதீர்கள். டிஸ்ப்ளே 100 காட்டும்போது தட்டின் ஓரமும் நடுவும் வேறுவேறாக இருக்கும். தோசைக் கல்லின் ஓரத்தில் ஊற்றிய தோசை வெளுத்துக் கிடப்பது போல. வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றைக் கண்ணாடி மேலேயே டேப்பில் ஒட்டி அளந்து, ஒரே சூடுள்ள இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் கூடினால் ஓரங்கள் மஞ்சளாகும். மெத்தில் அம்மோனியம் பறந்துபோய் ஈய அயோடைடு மிஞ்சியது அது. நல்ல படலம் 400 முதல் 500 நானோமீட்டர் தடிமன் வரும்.

கிட்டில் இரண்டு படி முறைக்கும் வழி சொல்லியிருக்கிறார்கள்: ஈய அயோடைடை மட்டும் பூசி உலர்த்தி, ஐசோ புரப்பனாலில் மி.லி.க்கு 10 மி.கி. மெத்தில் அம்மோனியம் அயோடைடு கரைத்த நீர்மத்தில் 20 நொடி முக்கி எடுப்பது. நொடிக் கணக்கு பார்க்கும் பதற்றம் இதில் இல்லை, முதலாண்டு மாணவர்களுக்குக் காட்ட உகந்தது. தட்டையான அடுக்கில் அடிப்பக்கம் மாறாத ஈய அயோடைடு தங்கிவிடும், மேற்பரப்பு கரடாகும். திறனுக்காகச் செய்பவர்கள் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

கார்பன் பேஸ்ட் நன்றாக இருக்கிறது. அதன் கரைப்பான் பெரோவ்ஸ்கைட்டைக் கரைக்கவில்லை, 100 டிகிரியில் 15 நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. தங்கத்தைவிட மின்தடை அதிகம் என்பதால் பரப்பைச் சிறிதாக வையுங்கள், 0.1 சதுர செ.மீ. போதும். துளைகளை (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் இடங்களை) கடத்தும் அடுக்கு இல்லாமல் கார்பன் நேரடியாக உட்காரும் இந்த அமைப்பில், சதுர செ.மீ.க்கு 20 மில்லி ஆம்பியர், 0.95 வோல்ட், ஃபில் ஃபேக்டர் (அந்த இரண்டின் பெருக்கத்தில் உண்மையில் எடுக்கக்கூடிய பங்கு) 0.55 என்று வந்தால் மூன்றையும் பெருக்க 10.45 சதவீதம். இது நல்ல செல். பத்திரிகையில் படிக்கும் 26 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டு மனம் தளர வேண்டியதில்லை. அமைப்பே வேறு.

அளவிடும் பகுதியில்தான் தாள் மாணவர்களைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது. கூட வரும் எல்.இ.டி. விளக்கில் எடுத்த எண்ணைத் திறன் என்று எழுதச் சொல்கிறது. அந்த விளக்கு சூரியன் அல்ல, அதில் வருவது செல்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் உதவும். சூரிய ஒளியைப் போலவே ஒளி தரும் சோலார் சிமுலேட்டர் இல்லையென்றால், மேகமில்லாத நாளில் உச்சி வெயிலில், அளவு தெரிந்த சிலிக்கான் செல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒளியின் வலிமையை அளந்து, செல்லின் மேல் ஓட்டை வெட்டிய கறுப்புத் தகட்டை மாஸ்க்காக வைத்து எடுங்கள். மின்னோட்டம் சதுர செ.மீ.க்கு 26 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் நம்ப வேண்டாம். இந்தப் பொருள் உறிஞ்சக்கூடிய ஒளி அவ்வளவு கொடுக்காது, பரப்பளவைத் தவறாக அளந்திருக்கிறீர்கள். மின்னழுத்தத்தை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் இரண்டு திசையிலும் ஓட்டி, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். அயனிகள் நகர்வதால் இரண்டும் மாறி வரும். பெரியதை மட்டும் எழுதுவது நேர்மையில்லை.

கடைசியாக, பெட்டியின் விளக்கத்தில் ஒரு வரி மட்டுமே கிடைத்த விஷயம், ஈயம். ஒரு கண்ணாடியில் ஊற்றும் 80 மைக்ரோலிட்டர் மையில் சுமார் 20 மி.கி. ஈயம் இருக்கிறது. முடிந்த படலத்தில் தங்குவது அரை மி.கி.க்கும் குறைவு. மிச்சம் அத்தனையும் ஸ்பின் கோட்டரின் கிண்ணத்தில் தெறித்துக் கிடக்கும். செல்லில் இருக்கும் ஈயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், கிண்ணத்தைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை. தொழிற்சாலை அளவுக்குப் போகிறவர்கள் சுழற்றுவதை விட்டுவிட்டு, பிளேடு வைத்து இழுத்துப் பூசும் முறைக்கும், குறுகிய பிளவு வழியாக மையை விடும் ஸ்லாட் டை முறைக்கும் மாறுவதற்கு இந்த வீணடிப்பும் ஒரு காரணம்.

கூட அனுப்பிய மெல்லிய லேடெக்ஸ் கையுறை இந்த வேலைக்கு உதவாது. டி.எம்.எஃப். அதை ஊடுருவும், டி.எம்.எஸ்.ஓ. தன்னில் கரைந்ததைத் தோல் வழியாக உள்ளே கொண்டுபோகும். டி.எம்.எஃப். கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது, கர்ப்பிணிகள் அந்த மேசைப் பக்கமே வர வேண்டாம். பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நைட்ரைல் இரண்டடுக்கு, மை தெறித்த உடனே மேலடுக்கைக் கழற்றி மாற்ற வேண்டும். ஃபுளோரைடு நீரால் பல் கறையும் எலும்பு நோயும் கண்ட மாவட்டங்கள் இவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. அந்த நிலத்தில் ஈயத்தையும் சிங்க் வழியாக இறக்கக் கூடாது. கிண்ணத்துக்கு உள்ளே அலுமினியத் தாள் விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முடிந்ததும் தாளைச் சுருட்டி, வடிகட்டி, கையுறை, பிப்பெட் முனைகளோடு சேர்த்து 'ஈயக் கழிவு' என்று எழுதிய மூடியுள்ள பக்கெட்டில் போடுங்கள். மிச்ச மையைத் தனிப் பாட்டிலில் சேர்த்து, அபாயக் கழிவுக்கு உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படையுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஈதரும் லேடெக்ஸ் கையுறையும் இல்லாத பெட்டி, அவற்றுக்கு ஈடாக எத்தில் அசிடேட்டும் பியூட்டைல் கையுறையும், தூள்கள் ஒரே குப்பியில் இல்லாமல் ஐந்து, ஐந்து கிராமாகப் பிரித்து ஆர்கானில் மூடிய குப்பிகளில். தனியாக வாங்க வேண்டியவை ஈரமானி, தெர்மோகப்பிள், மாலிகுலர் சீவ். ஒரு குப்பியைத் திறந்தால் அந்த வாரத்துக்குள் தீர்த்துவிடலாம், மற்றவை அடுத்த மாசிக்கும் காய்ந்தபடியே இருக்கும்.